டர்பனில் ஹாம் உரிமம் வாங்கிய கதை

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோ நிலையம் வைத்து மற்றவர்களோடு பேசுவது. அதற்கு உரிமம் வாங்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புத்தகம் வாங்குவதற்கு முன் பக்கத்தில் ஒரு ஹாம் கிளப் இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு தேர்வில் தேறிவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரேடியோ பிடிபடுவது, ஏற்கெனவே தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு "அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்பு, இப்போது கேள்" என்று சொல்லும்போதுதான். என் அனுபவம் முழுவதும் அதைத்தான் காட்டியது.

எனக்கு இந்த ஆசை வந்தது 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டர்பனைச் சுற்றிப் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, செல்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு "நன்றாக இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு பேட்டரியும் ஒரு கம்பியும் இருந்தால் போதும், நடுவில் எந்தக் கோபுரமும் வேண்டாம் என்கிற ஒரு தொழில்நுட்பம் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் தேர்வை நடத்துவது 1925-ல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்க ரேடியோ லீக். வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் அக்டோபர் மாதமும் தேர்வு நடக்கும். உரிமம் கொடுப்பது இக்காசா என்கிற அரசு ஒழுங்குமுறை அமைப்பு. முழு உரிமம் ஏ வகுப்பு. இளையவர்களுக்காக எளிதான பி வகுப்பும் உண்டு, அவர்களுடைய கால்சைன், அதாவது ரேடியோவில் சொல்லும் அடையாளக் குறி, இசட்யூ என்று தொடங்கும். நம் மாகாணத்துக்கு உரிய எண் 5. அதனால் இங்கே யாராவது பேசினால் "இசட்எஸ்5" என்று ஆரம்பிப்பதைக் கேட்கலாம். புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. தேர்வோடு கூட, குறுஅலையில் பேசத் தெரியும் என்பதை ஒரு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டவும் வேண்டும். அதை எச்எஃப் மதிப்பீடு என்பார்கள். தனியாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

நான் சேர்ந்த கிளப் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. ஒரு பழைய கூடம், சுவரை ஒட்டி நீளமான மேசை, மேலே அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப், சால்டரிங் இரும்புகள், யாரோ கொடுத்துவிட்டுப் போன ரேடியோக்கள். சனிக்கிழமை காலையில் கூடுவார்கள். வெள்ளைக்காரர்கள், சூலுக்காரர்கள், நம் இந்திய வம்சாவளிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். வகுப்பெடுத்தவர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர். இங்கே வழக்கப்படி எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் நான் தமிழ் பேசுபவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் தம்பி என்றே அழைத்தார்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். கல்லூரியில் மின்னணுவியல் படித்ததில்லை. பாடத்தில் எனக்குக் கடினமாக இருந்தது டெசிபெல், அதாவது சக்தி எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு. அங்கிள் அதைச் சூத்திரத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. "சக்தி இரண்டு மடங்கானால் 3, பத்து மடங்கானால் 10. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்" என்றார். அப்புறம் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து, ஏ வகுப்புக்காரர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச சக்தி 26 டெசிபெல்-வாட் (ஒரு வாட்டை அடிப்படையாக வைத்து எண்ணுவது) என்ற வரியைக் காட்டினார். அது எத்தனை வாட்? ஒரு வாட்டிலிருந்து இரண்டு முறை பத்து மடங்கு, அதாவது 20 டெசிபெல், 100 வாட். மேலே இரண்டு முறை இரட்டிப்பு, இன்னும் 6 டெசிபெல். 400 வாட்! காகிதமும் பேனாவும் இல்லாமல் வந்துவிட்டது. விதிமுறையும் தொழில்நுட்பமும் தனித்தனிப் பாடங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கோடு அழிந்தது.

ஒரு சுற்று ஒரே ஒரு அலைவரிசைக்கு மட்டும் பலமாக அதிரும் ஒத்ததிர்வையும் அப்படித்தான் கற்றோம். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய சுழல் கண்டன்சர், நாங்களே பிவிசி குழாயில் சுற்றிய சுருள், ஒரு சிக்னல் ஜெனரேட்டர். கண்டன்சரை மெதுவாகத் திருப்பத் திருப்ப ஆஸிலோஸ்கோப்பில் அலை எழும்பி உச்சத்துக்கு வந்து மறுபடி விழும். சுருளில் சில சுற்றுகளைக் கழற்றினால் உச்சம் வேறு இடத்துக்கு நகரும். அதைக் கண்ணால் பார்த்தபிறகு, மூலக் குறிக்குள் சுருளின் எல்லும் கண்டன்சரின் சியும் பெருக்கப்பட்டிருக்கும் அந்தச் சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் கிளப்பில்தான் ஏற்படுத்தினார்கள்: பேசுவதற்கு முன் கேட்பது. ஞாயிறு காலை 8:15-க்கு லீக்கின் செய்தியறிக்கை ஆப்பிரிக்கான்ஸில் வரும், 8:30-க்கு ஆங்கிலத்தில். அது முடிந்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கால்சைனைச் சொல்லி வருகையைப் பதிவு செய்வார்கள். உரிமம் இல்லாத நான் ஒரு நோட்டில் யார், எந்த ஊர், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிக்கொண்டே போவேன். ஒரே அலைவரிசையில் ஜோகன்னஸ்பர்க்காரர் தெளிவாகவும் பக்கத்து மேட்டுக்கு அந்தப்பக்கம் இருப்பவர் மங்கலாகவும் கேட்பது ஏன் என்ற கேள்வி அந்த நோட்டிலிருந்துதான் எழுந்தது. குறுஅலைகளைத் திரும்பத் தரைக்கு அனுப்பும் வானத்து அடுக்கான அயனிமண்டலத்தைப் பற்றிய பாடத்தை அதற்குப் பிறகு நான் பசியோடு படித்தேன்.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதில்களைத் தெரிவு செய்யும் கேள்விகள். பழைய வினாத்தாள்களை கிளப்பில் உட்கார்ந்து சேர்ந்து போட்டுப் பார்த்தோம். பாஸாகிவிட்டேன்.

எச்எஃப் மதிப்பீடுதான் எனக்குப் பதற்றமாக இருந்தது. நிலையத்தைச் சேர்த்து இயக்கவேண்டும், ஆண்டெனாவை ரேடியோவுக்கு இசைவாக்கும் பொருத்தியைச் சரிசெய்ய வேண்டும், உண்மையான ஆட்களோடு பேசவேண்டும். முன்பின் தெரியாதவரோடு மைக்கில் பேச நா எழாது என்பது புதியவர்கள் எல்லாருக்கும் இருக்கும் தயக்கம். இதற்கு கிளப்பில் நல்ல ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே அமர்ந்து மேற்பார்வை பார்க்க, கிளப்பின் கால்சைனில் நாங்கள் பேசிப் பழகினோம். அலைவரிசை காலியா என்று முதலில் கேட்பது, இரண்டு முறை கால்சைன் சொல்வது, ஆல்ஃபா பிராவோ சார்லி என்று எழுத்துகளை உச்சரிப்பது, எதிராளியின் சிக்னலுக்கு மதிப்பெண் சொல்வது, கடைசியில் செவன்ட்டி த்ரீ சொல்லி விடைபெறுவது. கேப்டவுனிலிருந்து ஒருவர் என் பெயரைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்ன நேரத்தில் தயக்கம் போய்விட்டது.

உரிமம் வந்ததும் வீட்டில் ஆண்டெனா கட்டும் வேலை. நான் குடியிருப்பது சாட்ஸ்வர்த்தில், ஒட்டுவீடு. கொல்லைப்புறம் குறுகல். அலைநீளம் சுமார் 40 மீட்டர் இருக்கும் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பேசவேண்டும் என்றால் அரை அலைநீளக் கம்பியின் நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கவேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். அவ்வளவு நீளத்தை நேராகக் கட்ட எங்கள் இடத்தில் வழியே இல்லை. அங்கிள் வந்து பார்த்துவிட்டு, நடுவில் ஒரு கம்பம் நட்டு இரண்டு பக்கமும் சரித்துக் கட்டலாம், கவிழ்த்த வி போல, என்றார். நடு உயரம் 7 மீட்டர், முனைகள் தரையிலிருந்து 2 மீட்டர். பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி சரிந்து வரும்போது தரையில் 8.66 மீட்டர்தான் எடுத்துக்கொள்ளும். பைத்தகோரஸ் கணக்கு. மொத்தம் பதினேழேகால் மீட்டர், மூலைக்கு மூலை கட்டினால் எங்கள் கொல்லையில் அடங்கியது. சரித்துக் கட்டுவதில் இன்னொரு லாபம், ஆண்டெனாவின் மின்மறிப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) எழுபது சொச்சம் ஓமிலிருந்து கீழே இறங்கி 50 ஓம் கேபிளுக்கு நெருங்கி வரும்.

கம்பியை வேண்டுமென்றே நீளமாக, மொத்தம் 20.8 மீட்டருக்கு வெட்டினோம். நானோவிஎன்ஏ என்கிற உள்ளங்கை அளவுக் கருவியை மாட்டினால் எஸ்டபிள்யூஆர், அதாவது ஆண்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண், 6.85 மெகாஹெர்ட்ஸில் அடிமட்டத்தைத் தொட்டது. இங்கே வெட்டுவதற்கு அவசரப்படக் கூடாது. 20.8-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.07. பக்கத்துக்கு 36 சென்டிமீட்டர் குறைக்கவேண்டும். அதையும் வெட்டாமல் முனையை மடக்கி முறுக்கினோம், திரும்பத் தேவைப்பட்டால் நீட்டலாம் பாருங்கள். பட்டையின் நடுவில் எஸ்டபிள்யூஆர் 1.5-க்கும் கீழே வந்தது. 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 விழுக்காடுதான். அதற்கும் கீழே இழுக்க மணிக்கணக்காகப் போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தை நல்ல கேபிளுக்குச் செலவிடுவது மேல். ஆர்ஜி-58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் பரவாயில்லை. ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய பாதி சக்தி சூடாகிப் போய்விடும்.

ஆண்டெனா தாழ்வாக இருக்கிறதே என்று எனக்குக் குறை இருந்தது. அங்கிள் அதை ஒரே கேள்வியில் தீர்த்தார்: "தம்பி, வெள்ளம் வந்தால் யாரோடு பேசவேண்டும்? ஜப்பானோடா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கோடா?" தாழ்வான கம்பி சக்தியை மேல்நோக்கி அனுப்புகிறது. அது அயனிமண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் குடை விரித்த மாதிரி இறங்குகிறது. நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. லீக்கின் அவசரத் தொடர்புப் பிரிவான ஹாம்நெட்டுக்கு வேண்டியதும் இப்படிப்பட்ட நிலையங்கள்தான்.

அடுத்தது இரைச்சல். ரேடியோவைப் போட்டால் எந்நேரமும் ஒரு ரம்ப ஓசை. 2023-ல் தினசரி மின்வெட்டு இருந்த காலம். மின்சாரம் போன உடனே பேட்டரியில் ஓடிய ரேடியோவில் அந்த ஓசை பெரும்பாலும் அடங்கி, மெலிந்த குரல்கள் எல்லாம் மேலே வந்தன. காரணம் என் வீட்டிலோ தெருவிலோதான் இருக்கிறது என்பது உறுதி. கிளப்பில் சொல்லிக்கொடுத்த முறைப்படி முதலில் என் வீட்டுப் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு பகுதி குறைந்தது: எல்இடி விளக்கின் மலிவான மின்மாற்றுப் பெட்டி. ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்கிற காந்தப்பொருள் வளையத்தில் ஒயரைச் சில சுற்றுச் சுற்றியதும் அது ஒழிந்தது. மீதியைத் தேடிக் கையடக்க ரேடியோவோடு தெருவில் நடந்தேன். பக்கத்து வீட்டு ஆயாவின் சூரியமின் இன்வெர்ட்டர் அருகே ஊசி எகிறியது. மின்வெட்டில் அந்த ஆயாவுக்கு அதுதான் கதி. நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. இருவருமாக உட்கார்ந்து பேசி, அதன் ஒயர்களிலும் வளையம் மாட்ட அனுமதி வாங்கினேன். முழுவதும் போகவில்லை, ஆனால் பேசுகிற அளவுக்குக் குறைந்தது. விளக்கம் எல்லாம் கேட்டுவிட்டு ஆயா கேட்ட ஒரே கேள்வி: "இதில் மெட்ராஸ் கிடைக்குமா?" அவருடைய முன்னோர்கள் மெட்ராஸில் கப்பலேறி வந்தவர்கள்.

கிடைக்கும். அதற்கான வேலையில்தான் கிளப்பில் இப்போது இருக்கிறோம். 2018-ல் ஏவப்பட்ட எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் எங்களைப் போன்ற ஹாம் ஆர்வலர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, க்யூஓ-100 என்பார்கள். கிழக்கே 25.9 டிகிரியில் நிலையாக நிற்கிறது, ஆப்பிரிக்கா முழுவதும் இந்தியாவும் அதன் பார்வைக்குள். கேட்பதற்கு யாரோ கழற்றிப் போட்ட டிவி டிஷ்ஷே போதும். அதன் முன்னால் இருக்கும் எல்என்பி என்கிற சிறு பெட்டி 10489.5 மெகாஹெர்ட்ஸை 739.5-க்கு இறக்கித் தரும், அதைக் கணினியில் செருகும் மலிவான யூஎஸ்பி ரேடியோ டாங்கிளில் கேட்கலாம். டர்பனில் டிஷ்ஷைத் திருப்பவேண்டியது வடக்குக்குச் சுமார் 10 டிகிரி மேற்கே, ஏற்றம் 55 டிகிரி. திசைகாட்டியை வைத்துத் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: இங்கே காந்த ஊசி மெய்யான வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி மேற்கே விலகி நிற்கும். ஆகவே ஊசி காட்டும் வடக்கிலிருந்து 15 டிகிரி கிழக்கே பார்க்கவேண்டும்.

கேட்பது ஆகிவிட்டது, விக்டர் யூனிஃபார்ம் என்று தொடங்கும் இந்திய நிலையங்கள் வருகின்றன. பேசுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் பகுதி வேண்டும். அதன் பெருக்கியையும் சுருள் ஆண்டெனாவையும் மேசையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். டர்பன் பக்கம் இருந்து விருப்பம் உள்ளவர்கள் ஏதாவது ஒரு கிளப்புக்குச் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். எங்களிடம் வந்தால் சால்டரிங் பிடிக்க இன்னும் இரண்டு கைகள் தேவைப்படுகின்றன. மே தேர்வுக்குப் படிக்க நினைப்பவர்கள் புத்தாண்டு முடிந்த கையோடு வந்துவிட்டால் மதிப்பீட்டுக்கும் சேர்த்தே தயாராகிவிடலாம்.