நாலு ஸ்குரூவும் நான்காம் மாடியும்

2023 நவம்பர் 3, யாங்கோன்

முந்தாநாள் ஆபரேஷன் முடிந்தது. கீழ்முதுகின் நான்காவது முள்ளெலும்பு (எல்4) அதற்கு அடியிலுள்ள ஐந்தாவதன் (எல்5) மேல் முன்பக்கமாகச் சறுக்கி, கால் நரம்பை நெரித்துக்கொண்டிருந்ததாம். இப்போது நாலு ஸ்குரூ, இரண்டு கம்பி, இரண்டு எலும்புக்கும் நடுவில் வட்டு இருந்த இடத்தில் கேஜ் என்று ஒரு சின்னக் கூடு. இடது காலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் நின்றுவிட்டது. இந்த ஊரில் கரண்ட் நின்று சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

நர்ஸ் எழக் கற்றுக்கொடுத்தார். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை மாதிரி உருள வேண்டும். அப்புறம் காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். பதினோரு அடி நடந்தேன்.

நவம்பர் 7

வீட்டுக்கு வந்தாயிற்று. நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. தங்கச்சி மகன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, "உட்காருங்க மாமா" என்று திருப்பத்துக்குத் திருப்பம் கெஞ்சினான். உட்காருவதுதான் வலி என்பதை அவன் நம்பவில்லை.

லோஞ்சி, அதாவது இந்த ஊர்க் கைலி, அதன் முடிச்சு முதுகுக்குப் போட்ட பெல்ட்டுக்கு அடியில் மாட்டி வயிற்றை அழுத்துகிறது. பெல்ட்டுக்கு மேலே கட்டினால் நழுவுகிறது. கடைசியில் வீட்டுக்காரி நாடா தைத்துக் கொடுத்தாள்.

நவம்பர் 12, தீபாவளி

தையல் இருப்பதால் எண்ணெய்க் குளியல் இல்லை. பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிட்ட கயிற்றின் மணி அடித்தது. கீழே யாரோ கயிற்று நுனியின் கிளிப்பில் பலகாரப் பையை மாட்டியிருந்தார்கள். எட்டி இழுக்கப் போனேன், "குனியாதீங்க!" என்று ஒரு சத்தம். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, முதுகைத் திருகக்கூடாது. அதிரசத்துக்கு மட்டும் தடையில்லை.

நவம்பர் 21

வெற்றிலையில் புகையிலை வைக்கவில்லை, இருபது நாள். நிகோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும் என்றார் சயா (டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). ஒட்டி முடிய ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகுமாம்.

டிசம்பர் 14

எக்ஸ்ரே எடுத்த இடத்தில் படுக்கவைத்து எடுத்து அனுப்பிவிட்டார்கள். சயா பார்த்துவிட்டு, நின்றபடி எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். படுத்துக்கொண்டால் எவன் முதுகும் நல்ல முதுகுதான், பாரம் ஏறும்போதல்லவா தெரியும். மறுபடி போய், விரல்நுனிகளைக் காறையெலும்பில் வைத்து நின்றேன்.

அப்பா சின்ன வயதில் என்னை ஸ்கேல் மாதிரி உட்காரச் சொல்வார். சயா படத்தில் காட்டியதோ கீழ்முதுகின் உள்நோக்கிய வளைவு. அதன் பெரும்பகுதி அடியிலுள்ள இரண்டு மூட்டுகளில்தான். வளைவு எவ்வளவு வேண்டும் என்பதை இடுப்பெலும்பின் கோணம் தீர்மானிக்கிறது. அது வளர்ந்தபின் மாறாது, ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு 52 டிகிரி. வளைவு முன்பு 34, இப்போது 47. கோணத்துக்கும் வளைவுக்கும் 10-க்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது என்றார். கழுத்தின் கடைசி எலும்பிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி ஒரு கோடும் இறக்கினார். அது முதுகின் அடிக்கு 5 செ.மீ.க்கு மேல் முன்னே விழுந்தால் உடம்பு சாய்கிறதென்று அர்த்தம். எனக்கு மூன்று. முப்பது வருஷம் பேரேட்டில் கவிழ்ந்து கிடந்தவனுக்கு இது போதும்.

டிசம்பர் 17

அனோரத்தா சாலை வரை நடந்தேன். டீக்கடையில் அதே முழங்கால் உயர ஸ்டூல்கள். அதில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் உருண்டு, வளைவு தட்டையாகிவிடும். நின்றே குடிக்கிறேன் என்றேன். கடைப் பையன் கேட்கவில்லை. மூன்று ஸ்டூலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டான். ஏறி உட்கார்ந்தேன். மேசை எங்கோ கீழே போய்விட்டது, கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடித்தேன்.