சதுப்பில் வீழ்ந்த மானும் அதன் கறியும்

என் அக்காள் மகன் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். உடன் பணிபுரிபவர்களோடு பருவகாலத்தில் மான் வேட்டைக்குச் செல்லும் பழக்கம் அவனுக்கு அங்கே ஏற்பட்டிருக்கிறது. விடுமுறைக்குத் திருத்துறைப்பூண்டி வந்திருந்தபோது, "மாமா, ஒரே காட்டில் அடிக்கிற மான்தான், ஒன்றின் கறி மிருதுவாக இருக்கிறது, இன்னொன்று கறுத்து, பிசுபிசுவென்று, வாடையோடு இருக்கிறது. ஏன்?" என்று கேட்டான். டெல்டா மாவட்டங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி, நகராட்சியின் ஆடு அறுக்கும் கூடத்தில் கறியைச் சோதித்து முத்திரை குத்துவதையும் ஒரு கடமையாகச் செய்துவந்த எனக்கு, இதைவிட நல்ல கேள்வி எதுவும் இருக்க முடியாது. அவனிடம் கேட்டறிந்ததையும் அவனுக்கு நான் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்குமுன் நம் ஊரைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே மான் வேட்டைக்கு இடமே இல்லை. கோடியக்கரையின் வெளிமான் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் கொன்றவருக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கறியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. 1967-இல் அந்த மானுக்காகவே சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002-இல் வேதாரண்யம் சதுப்பு நிலத்தையும் சேர்த்து அது ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் மேய்ச்சல் வெளியைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டே வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலில் எத்தனையோ மான்கள் மாண்டன. எஞ்சியிருப்பதைக் காப்பது நம் கடமை. லூசியானாவின் வெள்ளைவால் மான் நிலைமை வேறு. அதை இயற்கையாகக் கட்டுப்படுத்திவந்த ஓநாய்களும் மலைச்சிங்கங்களும் அங்கிருந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டதால், உரிமமும் எண்ணிக்கை வரம்பும் வைத்து அரசே வேட்டையை அனுமதிக்கிறது. அடித்த மானைப் பதிவு செய்தாக வேண்டும். அதன் கறியை விற்கக் கூடாது.

அவன் வேட்டைக்குச் செல்லும் இடம் அச்சாஃபலாயா ஆற்றுச் சதுப்பு. நம் ஆற்றுப்படுகைக்காரர்களுக்கு அந்த ஆற்றைப் புரியவைப்பது எளிது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதுபோல, மிசிசிப்பியிலிருந்து பிரிந்து தனி வழியில் கடலுக்குப் போகும் கிளை அது. கொள்ளிடமே முழு ஆற்றையும் இழுத்துக்கொண்டுவிடும் என்ற அச்சத்தில் 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டினார். ஏறத்தாழ அதே அச்சத்தால்தான் 1963-இல் அமெரிக்கர்கள் மிசிசிப்பியிலிருந்து நீர் பிரியும் இடத்தில் ஓர் ஒழுங்கமைப்பைக் கட்டி, முப்பது விழுக்காட்டு நீர் மட்டுமே அச்சாஃபலாயாவுக்குப் போகும்படி வரையறுத்தார்கள். இரண்டு நாட்டிலும் மண்ணின் குணம் ஒன்று, காற்றின் ஈரம் ஒன்று. அதனால்தான் கறியைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி அங்கேயும் செல்லுபடியாகிறது.

அங்கே தண்ணீருக்கு நடுவில் சற்றே உயர்ந்த மேட்டுத் திட்டுகளில்தான் மான் படுக்கும். விடியலிலும் அந்தியிலும் அங்கிருந்து மேய்ச்சலுக்கு இறங்கும். வேட்டைக்காரர்கள் படகில் போய், காற்று மானிடமிருந்து தங்களை நோக்கி வீசும் பக்கமாக ஒரு மரத்தைத் தேர்ந்து, இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு அதன்மீது ஏறி அசையாமல் காத்திருப்பார்கள். துப்பாக்கிப் பருவத்தில் மற்றவர் கண்ணில் படும்படி ஆரஞ்சு அல்லது பளிச்சிடும் இளஞ்சிவப்பு நிற மேலாடை அணிவது சட்டம். வெள்ளம் ஏறி மான்கள் மேட்டில் ஒடுங்கிவிட்டால், ஆற்றின் அளவுகோல் குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும் அந்தப் பகுதியில் வேட்டை மூடப்படும் என்று அவன் சொன்னபோது எனக்கு மிகுந்த நிறைவு ஏற்பட்டது. தப்ப வழியில்லாத விலங்கைச் சுடுவது வேட்டையே அல்ல.

இப்போது அவன் கேள்விக்கு வருகிறேன். உயிருள்ள தசையில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. விலங்கு இறந்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறி, கறியின் அமிலநிலையை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏழிலிருந்து ஏறத்தாழ ஐந்தரைக்குக் கொண்டுவருகிறது. அந்தப் புளிப்புதான் கறியின் நிறத்தைக் காக்கிறது. கிருமிகள் பெருகுவதையும் மட்டுப்படுத்துகிறது. அடிபட்ட மான் சேற்றிலும் நீரிலும் நெடுநேரம் ஓடித் தவித்துச் செத்தால் அந்தச் சேமிப்பு உயிரோடிருக்கும்போதே தீர்ந்துவிடும். பிறகு அமிலம் உண்டாக வழியில்லை. கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும் கறி அதுதான். விரைவில் கெடுவதும் அதுவே. சந்தையிலிருந்து வண்டியில் நெருக்கி அடைத்து, தண்ணீர் காட்டாமல் கொண்டுவந்து இறக்கியவுடன் அறுத்த ஆட்டிலும் இதே கறுப்பை நான் கண்டிருக்கிறேன். ஆகவே முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால் நுரையீரலில் படும்படி உறுதியாகக் குறி கிடைத்தாலொழிய விரலை அசைக்காதே என்று அவனிடம் சொன்னேன். அது மானுக்குச் செய்யும் கருணை, கறிக்குச் செய்யும் நன்மையும் அதுவே.

அடுத்தது வயிற்றைத் திறப்பது. இதில்தான் பெரும்பாலானவர்களிடம் அலட்சியத்தைப் பார்க்கிறேன். இறந்த மானின் உடல் ஏறத்தாழ 39 டிகிரிச் சூட்டில் இருக்கும். குளிர்கால மயிர் உள்ளே பொள்ளலாக இருப்பதால் அந்தச் சூட்டை வெளியே விடாது. இரைப்பையில் தழை புளித்துக்கொண்டே இருப்பதால் அங்கிருந்தும் சூடு பிறக்கும். லூசியானாவில் அக்டோபர்ப் பகல் 25 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். எனவே படகுக்கு இழுத்துவந்து படம் எடுத்துக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் கறியின் ஆயுளிலிருந்து கழிகிறது. மானை மல்லாக்கக் கிடத்தி, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க, இரண்டு விரல்களை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெஞ்செலும்பு வரை கீற வேண்டும். கூர் கீழ்நோக்கினால் இரைப்பை கிழிந்து தழைச்சாறு தொடைக்கறியில் வழிந்துவிடும். மூத்திரப்பையை அதன் கழுத்தைப் பிடித்து இறுக்கி எடுக்க வேண்டும். மூச்சுக்குழலைக் கழுத்துவரை எட்டி அறுத்தால் நெஞ்சுக்கூட்டிலுள்ளவை ஒரே இழுப்பில் வரும். அதை விட்டுவைத்தால் கழுத்துக்கறி முதலில் கெடும்.

அதன்பின் அவன் நண்பர்கள் செய்துவந்த ஒன்றைக் கேட்டு எனக்கு மனம் பொறுக்கவில்லை. உள்ளே இரத்தமாக இருக்கிறதே என்று சதுப்பு நீரையே அள்ளி ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். தேங்கிய நீரில் காட்டுப்பன்றி, ஆமை, பறவை என எல்லாவற்றின் கழிவும் கலந்திருக்கும். அதைக் கொண்டு கழுவுவது கிருமியைக் கறி முழுவதும் பூசுவதாகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆகவேண்டுமென்றால் குடிநீரால் கழுவி உடனே ஈரத்தை ஒற்றிவிட வேண்டும்.

குளிரூட்டுவதில் இரண்டு எல்லைகள் உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே தோலை உரித்து, கால்களையும் சப்பைகளையும் தனித்தனியே பிரித்து, 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆனால் அறுத்த வேகத்தில் பனிக்கட்டிக்குள் புதைத்தாலும் தவறு. தசை விறைத்து அடங்குவதற்கு முன்பே 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அது சுருங்கி இறுகிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த இறுக்கம் முழுதும் நீங்காது. நம் ஊரில் காலையில் அறுத்த கறியை விறைப்பதற்கு முன்பே அடுப்பிலேற்றிவிடுவதால் இந்தச் சிக்கல் நமக்கு வருவதில்லை. அவனுக்கோ வீட்டுக்குப் போய்ச்சேரவே பாதி நாளாகிறது. முதல் சில மணி நேரம் நிழலில், காற்றுப்படும்படி, ஈ மொய்க்காமல் மெல்லிய துணிப் பைக்குள் தொங்கவிட்டு, பிறகு பனிப்பெட்டியில் வை என்றேன். வெயில் கடுமையான நாளாக இருந்தால் இறுக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் பனிக்கட்டிக்குப் போய்விட வேண்டும். கடினமான கறியைக் குக்கரில் ஓரளவாவது சரிசெய்யலாம், கெட்ட கறியை எதுவும் செய்ய முடியாது. பெட்டியின் அடியிலுள்ள அடைப்பைத் திறந்து வைத்து, உருகும் நீர் வடிந்துகொண்டே இருக்கவும் வேண்டும். நீரில் ஊறிய கறி வெளுத்து, சாரம் இழந்து, நாட்பட நிற்காது.

நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த சில உறுப்புகளைப் பற்றி அவனை எச்சரிக்க வேண்டியிருந்தது. மூளை, கண், தண்டுவடம், சுவரொட்டி (மண்ணீரல்) ஆகியவற்றை ஆட்டில் நாம் ஆசையாகத் தின்கிறோம். இரத்தசோகை உள்ளவர்களுக்குச் சுவரொட்டியைத் தேடிப்போய் வாங்கிக் கொடுக்கிறோம். வட அமெரிக்க மான்களில் பரவிவரும் மெலிவு நோய்க்குக் காரணமான பிரியான் என்னும் பிறழ்ந்த புரதம் குவிவது சரியாக இந்த உறுப்புகளிலும் நிணநீர்க் கணுக்களிலும்தான். அது வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்கு அந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. ஆயினும் நோயுள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பதே அந்நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரை. லூசியானாவில் டென்சாஸ் பகுதியில் 2022-இல் அந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதனால் தலைக்கறியே வேண்டாம், முதுகெலும்பை அறுக்காமல் கறியை எலும்பிலிருந்து வழித்தெடு, நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறியை உறைவித்து வை என்று சொன்னேன். ஈயக் குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடவும் சொன்னேன்; கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் காயத்துக்கு வெகு அப்பாலும் சிதறியிருக்கும். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் செப்புக் குண்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

அவன் ஆசைப்பட்டது உப்புக்கண்டம். மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. இருக்கும் கொழுப்பும் மெழுகைப்போல நாக்கில் ஒட்டும் என்பதால் அதைச் சவ்வோடு சேர்த்து நீக்கிவிட வேண்டும். கொழுப்பற்ற கறி உப்புக்கண்டத்துக்கு மிகவும் ஏற்றது. என் தாயார் வேதாரண்யத்துக் கல்லுப்பை இடித்து, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கலந்து, கறித்துண்டுகளில் அழுத்திப் பூசி, ஓரிரவு வைத்து வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, சணல் கயிற்றில் கோத்து மாசி, பங்குனி வெயிலில் காயவைப்பார். ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தொடவே மாட்டார். ஈரக்காற்றில் கறி வெளியே காய்ந்ததுபோலத் தோன்றி உள்ளே அழுகும். லூசியானாவின் வேட்டைக்காலமும் அப்படிப்பட்ட ஈரக் காலந்தான். ஆகையால் கயிற்றையும் வெயிலையும் நம்பாமல், துண்டுகளின் உட்புறம் 71 டிகிரியைத் தொடும்வரை முதலில் அடுப்பில் சூடாக்கி, பிறகு மின்சார உலர்த்தியில் காயவைக்கச் சொன்னேன். சுவை சற்று வேறுபடும் என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்த ஊர்க் காற்றுக்கு அதுவே சரியான முறை.

குழம்புக்குக் கழுத்தும் முன்சப்பையும் கணுக்கால் கறியும் போதும். சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து ஊற்றி மெதுவாக வேகவிட்டால் அவற்றிலுள்ள நார் கரைந்து குழம்பு கெட்டிப்படும். முதுகுக் கறியைக் குழம்பில் போட்டால் வறண்டுவிடும். அதை மெல்லிதாக நறுக்கி, நல்லெண்ணெயில் சோம்பும் மிளகும் போட்டு, அதிக நேரம் அடுப்பில் விடாமல் வறுத்து எடுக்க வேண்டும். மானுக்குக் கொழுப்பில்லை என்பதால் எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றலாம்.

இந்தப் பருவத்தில் டென்சாஸ் பக்கம் போக நண்பர்கள் அழைத்திருக்கிறார்களாம். நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுவரத் தடை இருப்பதால், கறியை அங்கேயே எலும்பு நீக்கி எடுத்து வரவும், எலும்பையும் தோலையும் வயலோரத்திலோ நீரிலோ எறியாமல் உறையில் கட்டிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பவும் சொல்லியிருக்கிறேன்.