பிள்ளைகளோடு ஓவிய அருங்காட்சியகம் போகிறீர்களா?

எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் மூன்றாவது அறையிலேயே பிள்ளை தரையில் உட்கார்ந்துவிடும். ஐந்தாறு படைப்புகள் போதும். இணையதளத்தில் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் 45 நிமிடம், பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றேகால் மணி நேரம். திறந்த உடனே போனால் கூட்டம் குறைவு.

பலரும் கவனிக்காதது உயரம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ.யில் வரும்படி மாட்டுவது வழக்கம். அது பெரியவர்களின் கண்மட்டம். அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்குக் கூரை விளக்கு படத்தின் கண்ணாடியில் பட்டு வெறும் பளபளப்புதான் தெரியும். நீங்களும் ஒருமுறை குந்தி உட்கார்ந்து பாருங்கள், புரியும். பிள்ளையை இரண்டடி பின்னாலோ பக்கவாட்டிலோ நகர்த்தி நிறுத்துங்கள்.

'தொடாதே' என்று மட்டும் சொன்னால் கை அங்கேதான் போகும். விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் வெண்கலத்தையே அரிக்கும் என்று காரணத்தைச் சொல்லுங்கள். காகித ஓவியங்கள் உள்ள அறை மங்கலாக இருக்கும். வெளிச்சம் நிறத்தை வெளுக்க வைக்கும் என்பதால் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்கள். நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள்.

வரைய பென்சில் மட்டும், பேனா வேண்டாம். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். திரும்பும்போது எதையாவது இடிப்பது அதுதான்.

'பிடிச்சிருக்கா?' என்று கேட்டால் ஒரு தலையாட்டலோடு முடிந்துவிடும். 'இந்தப் படத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது?' என்று கேட்டுப் பாருங்கள்.