ஒரு டெஸ்க்டாப் கணினியை அசெம்பிள் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

டெஸ்க்டாப் கணினியைத் தாமே அசெம்பிள் செய்ய விரும்புகிறவர்கள், பாகங்களின் பட்டியலை முடிவு செய்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதுதான். பழகிய கைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், முதன்முறையாகச் செய்பவருக்கு நான்கைந்து மணி நேரம் என்பது நான் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்த நான்கைந்து மணி நேரத்தில் திருப்புளி கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதில் பயன்படும். பாகங்களைப் பொருத்தும் நேரத்தில் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு கிடையாது. கையேட்டைப் படிப்பதற்கும், எந்தக் கேபிள் எங்கே போகும் என்று தேடுவதற்கும், முதன்முறை திரையில் ஏதாவது தெரியும்வரை காத்திருப்பதற்கும் ஆகும் நேரம்தான் மாறுகிறது.

இந்த வேலை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம். 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினியைப் பாகங்களாக வாங்கியவர்கள், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சிப் சாக்கெட் என ஒவ்வொன்றையும் தாங்களே சால்டர் செய்ய வேண்டியிருந்தது. அது நாள் கணக்கில் நீளக்கூடிய வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சால்டரிங் இல்லை என்றாலும், ஒரு சவுண்டு கார்டைச் செருகினால் அதன் இன்டரப்ட் எண் (பிராசசரின் கவனத்தை அழைக்க அந்தக் கார்டு பயன்படுத்தும் எண்) வேறொரு கார்டின் எண்ணோடு மோதாதபடி ஜம்பர்களை, அதாவது பின்களை இணைக்கும் சிறு செருகிகளை, மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே கேபிளில் இணையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் எது முதலாவதான மாஸ்டர், எது இரண்டாவதான ஸ்லேவ் என்பதையும் ஜம்பரே தீர்மானித்தது. அன்றைய ஏடி வகைப் பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பு பி8, பி9 என இரண்டு துண்டுகளாக இருக்கும். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் சேரும்படி செருகாவிட்டால் போர்டு பாழாகிவிடும். 1995இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் தரநிலை அந்த இரண்டையும் ஒரே பக்கமாக மட்டுமே நுழையக்கூடிய 20 முனை இணைப்பியாக மாற்றியது. அதுவே பின்னர் 24 முனையாக வளர்ந்து இன்றுவரை தொடர்கிறது. தவறான பக்கம் நுழையாத இணைப்பிகள் வந்ததுதான் மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தியது என்பது என் கருத்து.

நேரத்தைக் குறைக்க விரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா, கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா, வாங்கிய பிராசசரை மதர்போர்டில் உள்ள பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு அடையாளம் காணுமா என்ற மூன்றையும் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டால், பாதி வேலையில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய நிலை வராது. புதிய பிராசசரும் பழைய இருப்பில் கிடந்த போர்டும் சேர்ந்து வந்தால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாக இருந்தால் அது சில நிமிட வேலை, இல்லாவிட்டால் பழைய பிராசசர் ஒன்றை இரவல் தேட வேண்டும். மதர்போர்டின் கையேட்டில் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. போர்டின் வரைபடம், ரேம் பொருத்தும் வரிசை, முன்பக்க இணைப்புகள் ஆகிய பக்கங்களை மட்டும் விரித்து மேசையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பிராசசர், ரேம், எஸ்எஸ்டி ஆகிய மூன்றையும் மதர்போர்டு கேபினெட்டுக்கு வெளியே இருக்கும்போதே, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்துப் பொருத்திவிட வேண்டும். பிராசசரை வைப்பது சில நொடி வேலைதான். ஆனால் கணினி முழுவதிலும் அவசரமே கூடாத இடம் அது. பிராசசர் அமரும் இடமான சாக்கெட்டில், இன்டெல்லின் எல்ஜிஏ1700 வகையானால் 1,700 மெல்லிய பின்கள், ஏஎம்டியின் ஏஎம்5 வகையானால் 1,718. இவற்றில் ஒன்று வளைந்தாலும் சரிசெய்வது கடினம். மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, பிராசசரின் இரு விளிம்புகளை மட்டும் பிடித்து, நேராகக் கீழிறக்கி விட்டுவிட்டால் அது தன் எடையிலேயே அமர்ந்துகொள்ளும். விரலால் அழுத்தவோ நகர்த்தவோ தேவையில்லை. அதன் பிறகு நெம்புகோலைக் கீழே இறக்கும்போது நல்ல எதிர்ப்பு இருக்கும், நறநறவென்று ஒரு சத்தமும் கேட்கும். நண்பர் ஒருவர் தம் முதல் கணினியைப் பொருத்தியபோது அருகில் இருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பிராசசர் உடைகிறது என்று நினைத்து அப்படியே கையை எடுத்துவிட்டார். குறிகள் சரியாக இருந்தால் அந்த எதிர்ப்பு இயல்பானது, நெம்புகோலை இறக்கிக் கொக்கியில் மாட்டலாம், சாக்கெட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடி தானாகவே தெறித்து வெளியே வரும் என்று சொன்ன பிறகுதான் தொடர்ந்தார். அந்த மூடியைத் தூக்கி எறியக் கூடாது. பின்னால் போர்டை உத்தரவாதத்தில் அனுப்ப நேர்ந்தால் அது தேவைப்படும்.

நான்கு ரேம் இடங்கள் உள்ள போர்டில் இரண்டு ரேம்களை மட்டும் போடுவதானால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள். எம்.2 வகை எஸ்எஸ்டி 22 மில்லிமீட்டர் அகலமும் பொதுவாக 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு பட்டை; சாய்வாக நுழைத்துக் கீழே அழுத்தித் திருகாணியோ தாழ்ப்பாளோ இட்டால் முடிந்தது. அதன் மேல் வரும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டோமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரம் கூடவோ குறையவோ தொடங்குவது கூலரில்தான். பிராசசரோடு வரும் சிறிய கூலர் என்றால் பத்து நிமிடத்துக்குள் முடியும். பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் அதிலேயே தடவப்பட்டிருக்கும். உயரமான டவர் கூலருக்குப் பின்தட்டு, தாங்கிகள், ஃபேன் கிளிப்புகள் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகலாம். ரேடியேட்டரோடு வரும் லிக்விட் கூலருக்கு, அதன் ஃபேன்களையும் குழாய்கள் செல்லும் வழியையும் யோசித்துச் செய்ய, அதற்கும் மேலே ஆகும். எந்தக் கூலரானாலும் ஒரு திருகாணியை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. கார் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவது போல எதிரெதிர் மூலைகளாகச் சில சுற்றுகள் வீதம் முடுக்கிக்கொண்டே வந்தால்தான் அடித்தட்டு சமமாகப் பதியும். தனியாகத் தடவ வேண்டியிருந்தால், நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். கூலரின் அடியில் உள்ள பாதுகாப்புத் தாளை எடுக்காமலேயே பொருத்திவிட்டு, கணினி ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் இறக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். கேபினெட்டின் தட்டில் உள்ள பித்தளைத் தாங்கிகள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுக்கு ஒன்பது துளைகள், சிறிய போர்டுகளுக்கு அதைவிடக் குறைவு. துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி மிஞ்சி நின்றால் அது போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். பின்பக்க இணைப்புகளுக்கான உலோகத் தகடு போர்டோடு சேர்ந்து வரவில்லை என்றால், அதை முதலில் கேபினெட்டில் பதித்துவிட வேண்டும். இதை மறந்தால் போர்டின் திருகாணிகள் அத்தனையையும் திரும்பக் கழற்ற வேண்டும். போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 8 முனைப் பிராசசர் மின் இணைப்புக்கான கேபிளையும் அந்த மூலைக்கு முன்கூட்டியே கொண்டுவந்துவிடுவது நல்லது. பெரிய கூலரும் ரேடியேட்டரும் வந்த பிறகு அந்த மூலையில் கைவிரல் நுழையாது.

முதன்முறை செய்பவரின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது கேபிள்கள்தான். அவற்றிலும் கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் பவர் பொத்தான், ரீசெட் பொத்தான், பவர் விளக்கு, டிஸ்க் விளக்கு ஆகியவற்றின் சின்னஞ்சிறு இணைப்புகள் பலரை அரை மணி நேரம் வரை நிறுத்திவைக்கும். போர்டின் கீழ் விளிம்பில் இரண்டு வரிசையாக ஒன்பது பின்கள் நிற்கும். எந்த இரண்டு பின்கள் எதற்கு என்பது போர்டில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும், கையேட்டின் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். பொத்தான்களுக்கு நேர், எதிர் என்ற பேதம் இல்லை, எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு மட்டும் நேர்முனையைப் பார்த்துச் செருக வேண்டும், மாற்றிச் செருகினால் விளக்கு எரியாதே தவிர எதுவும் கெடாது. இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தாலே அந்த அரை மணி நேரப் பதற்றம் பத்து நிமிடமாகக் குறையும். ஒரு டார்ச்சும், கேபினெட்டைப் படுக்க வைத்துக்கொள்ளும் பொறுமையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முன்பக்க யுஎஸ்பி 3க்கான 19 பின் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்: தடித்த கேபிள், இறுக்கமான தலை, எளிதில் வளையும் பின்கள். அதை நேராகத்தான் இறக்க வேண்டும். ஆட்டி ஆட்டி நுழைக்கக் கூடாது.

கேபிள்களைப் பின்புறம் கட்டி அழகுபடுத்துவதை, கணினி ஒருமுறை ஓடிய பிறகுதான் செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி, மிச்ச முனைகளையும் நறுக்கிவிட்ட பிறகு கணினி ஓடவில்லை என்றால், அந்தக் கட்டுகள் அத்தனையும் வீண். கேபினெட்டின் அளவும் இங்கே நேரத்தைத் தீர்மானிக்கிறது. 170 மில்லிமீட்டர் சதுர மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கான குட்டிக் கேபினெட்டில் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் பொருத்த முடியும். பழகியவருக்கும் அதில் நேரம் இரண்டு மடங்காகும். முதல் கணினிக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

கிராபிக்ஸ் கார்டைக் கடைசியில் பொருத்தினால் போதும். அதற்கான 6+2 முனைக் கேபிளும் பிராசசருக்கான 4+4 முனைக் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றில் மின்சாரம் வரும் முனைகள் வேறு. நுழைய மறுக்கும் கேபிளைப் பலவந்தப்படுத்தக் கூடாது. 2022 முதல் உயர்நிலைக் கார்டுகளில் வரும் 16 முனை இணைப்பியை, இடைவெளி துளியும் தெரியாத அளவுக்கு உள்ளே தள்ள வேண்டும். அரைகுறையாக நின்ற இணைப்பிகள் சூடேறி உருகிய சம்பவங்கள் உண்டு.

முதல் முறை பவர் பொத்தானை அழுத்தும் நேரத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிடிஆர்5 ரேம் உள்ள கணினி, முதன்முறை இயங்கும்போது ரேமோடு தன் வேகத்தை ஒத்திசைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். கொள்ளளவு அதிகமானால் இன்னும் கூடுதலாக ஆகும். அந்த நேரம் முழுவதும் ஃபேன்கள் சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். ஏதோ தவறு என்று எண்ணி உடனே அணைத்துவிட்டால், அடுத்த முறையும் அதே ஒத்திசைவு முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரமாவது காத்திருந்துவிட்டு, அதன் பிறகும் படம் வராவிட்டால் போர்டில் எரியும் சிறு விளக்கைப் பார்க்க வேண்டும். பிராசசர், ரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இன்றைய பல போர்டுகள் அதன் மூலம் காட்டிவிடுகின்றன. மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பது, 24 முனை இணைப்பி முழுவதும் உட்காராதது, ரேமின் ஒரு பக்கம் மட்டும் தாழ் விழுந்திருப்பது ஆகிய மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் ஒரே ஒரு ரேமை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேலைநாள் இரவில் தொடங்காமல் விடுமுறை நாளின் காலையில் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

இயங்குதளம் நிறுவுவதற்கு, வேகமான எஸ்எஸ்டியும் பென் டிரைவும் இருந்தால், கால் மணியிலிருந்து அரை மணி நேரம் போதும். அப்டேட்டுகளும் டிரைவர்களும் இணைய வேகத்தைப் பொறுத்து இன்னொரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு நிறுவும்போதே இணைய இணைப்பைக் கேட்கும் என்பதால், போர்டின் நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்வது உதவும். பிறகு பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பணம் கொடுத்து வாங்கிய ரேம் அதற்கு உரிய வேகத்தில் ஓடாது.

அந்த அமைப்பை இயக்கிய அன்றிரவே ரேம் சோதனை நிரலை ஓடவிட்டுத் தூங்கப் போவது என் வழக்கம். சில மணி நேரம் எடுக்கும் அந்தச் சோதனையைப் பொருத்தும் நேரத்தோடு சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்க வேண்டும் என்றே சொல்வேன். பழுதான ரேம் முதல் வாரத்தில் தெரியவந்தால் மாற்றிக்கொள்வது எளிது. காலையில் பிழை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு கேபிள்களைக் கட்டி, பக்கவாட்டுத் தகட்டை மூடலாம். மிஞ்சிய பவர் கேபிள்களை ஒரு பையில் போட்டு, அதன் மேல் பவர் சப்ளையின் மாடல் பெயரை எழுதி வைக்க வேண்டும்: பவர் சப்ளைப் பக்கத்து முனைகளுக்குப் பொதுத் தரநிலை இல்லாததால், ஒன்றின் கேபிளை வேறொன்றில் செருகினால் டிஸ்க்குகளும் போர்டும் கருகிப்போக வாய்ப்புண்டு.