2 நிமிடம் 40 விநாடி

அந்தப் போனை நான் எடுத்திருக்கவே கூடாது. இதை எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரி இப்படித்தான் வருகிறது. உடனே, எடுக்காமல் எப்படி இருப்பது, மூன்று தடவை விடாமல் அடித்ததே என்று மனம் வழக்காட ஆரம்பித்துவிடுகிறது.

மேலே ஏறுகிறவன் போனைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அது நான் வைத்த சட்டம். வேறொரு சைட்டில் ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டே வீட்டுச் சண்டை பேசியதைப் பார்த்த நாளிலிருந்து. அன்று ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தில், உச்சியில் விளக்கறையைச் சுற்றியுள்ள கம்பிகளில் துரு சுரண்டி பிரைமர் அடிக்கிற வேலை. மேலே இரண்டு பேர். கீழே நானும் போன் பெட்டியும்.

சிங்கப்பூர் நேரம் காலை 10.20. ஊரில் எட்டு மணிகூட ஆகியிருக்காது. அடித்தது மேலே இருந்த இருவரில் ஒருவனுடைய போன். திரையில் ‘மாமா புதுக்கோட்டை’ என்று இருந்தது.

"அவங்க அப்பத்தா விடியக்காலம் தவறிருச்சுங்க" என்றார். அழவில்லை, அவசரத்தில் இருந்தார். "பேரன் வருவான்னா ஐஸ் பெட்டிக்குச் சொல்லி நாளைக்கு வரைக்கும் வச்சுக்கலாம். இல்லைன்னா இன்னைக்கே நாலு மணிக்கு எடுத்துருவோம். நெய்ப்பந்தம் பிடிக்க மூத்த பேரன் வேணும்ல, அதான் கேக்குறோம்."

அவனைக் கூப்பிடுகிறேன், ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் அண்ணாந்து பார்த்தேன். ஹார்னஸ் மாட்டிய அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கிரைண்டர் சத்தம் கேட்டது.

"வர்றது கஷ்டம்ங்க. நீங்க எடுத்துருங்க."

இவ்வளவுதான் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. சூப்பர்வைசரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன கேட்பது?

அப்போது என் தலைக்குள் ஓடிய கணக்கு இது. போட் நாலரைக்குத்தான் வரும். கரைக்குப் போக ஐந்தரை ஆகும். டிக்கெட், பாஸ்போர்ட், லீவு. ஆகாது என்று தோன்றியது. இப்போது அதே கணக்கைப் போட்டால் ஆகிறது. ராத்திரி விமானம் கிடைத்திருந்தால் திருச்சிக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து ஒரு கார், விடிவதற்குள் வீடு. அவர்கள்தான் வைத்துக்கொள்கிறோம் என்றார்களே. இதைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் டிக்கெட் கிடைக்கிறது, சில நாள் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுரண்டிய இரும்பைக் கடல் காற்றில் ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காலையில் திரும்பவும் செம்மண் பூசியதுபோல் நிற்கும். அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும். உயரத்தில் நிற்கிறவனிடம் சாவுச் சேதி சொல்லக்கூடாது என்பது உண்மையான காரணம்தான். ஆனால் அதற்கு அவனை இறங்கச் சொல்லிவிட்டுச் சொன்னால் போதும். பத்து நிமிட வேலை. இறங்கினால் திரும்ப ஏற மாட்டான் என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

விளக்கைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெரியவர் தேநீர் கொண்டுவந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மேலே கையைக் காட்டி, "நெனெக் மாத்தி" என்றேன், பாட்டி செத்துப்போச்சு என்று. அவர் முகம் சுருங்கியது. மாத்தி என்று மனுஷருக்குச் சொல்லக்கூடாது, மெனிங்கால் என்று சொல் என்று திருத்தினார். சைட் மலாய் எனக்கு அவ்வளவுதான். பிறகு, அவனிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். தலையைப் பொதுவாக ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கும் புரிந்திருக்காது.

அந்தக் கலங்கரை விளக்கம் நிற்கும் தீவின் பெயர் புலாவ் சாத்துமு, ஒற்றை மரத் தீவு என்று அர்த்தம். ஒன்றரை ஹெக்டேர்கூட வராத பாறை, கோபுரம், கொஞ்சம் மரங்கள். 1854இல் அடிக்கல், 1855 டிசம்பரில் விளக்கு. கருங்கல் புலாவ் ஊபின் என்ற இன்னொரு தீவிலிருந்து வந்தது. அந்தக் கல்லை உடைத்தவர்களில் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளும் உண்டு. சென்னை ராஜதானியிலிருந்தும் கைதிகளை அனுப்பினார்கள். ஊரில் தாயோ தகப்பனோ செத்தால் அவர்களுக்கு எத்தனை மாதம் கழித்துத் தெரிந்திருக்குமோ, தெரிந்ததோ இல்லையோ. எனக்கு இரண்டே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. நான் ஐந்து மணி நேரம் கையில் வைத்திருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு இறங்கினான். புருவமெல்லாம் துருப்பொடி. தண்ணீர் குடிக்கவிட்டுச் சொன்னேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"எப்பண்ணே போன் வந்துச்சு?"

"இப்பதான் தம்பி."

இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். மற்றதற்கெல்லாம் காரணம் சொல்லிவிடுவேன். கேட்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள், ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

போனைக் கொடுத்தேன். திரையைப் பார்த்தான். வந்த அழைப்பு, 10.20, 2 நிமிடம் 40 விநாடி. அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்த்தானா, நேரே மாமா பெயரைத் தட்டினானா, தெரியாது. ஊரில் அப்போது மணி ஒன்றேகால். அப்பத்தா இன்னும் வாசலில்தான் இருந்தது. இன்னும் நேரம் இருந்தது. அவன் நெடுநேரம் ‘ம்’ போட்டுக்கொண்டே கேட்டான். கடைசியில், "சரி மாமா, எடுத்துருங்க" என்றான்.

அவனே சொன்னான். நான் சொன்ன அதே வார்த்தை. பல ராத்திரி இதைச் சொல்லித்தான் தூங்கியிருக்கிறேன். ஆனால் அதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாலு மணி என்று சொல்லியாகிவிட்டது, சித்தப்பா மகனைப் பந்தம் பிடிக்கச் சொல்லியாகிவிட்டது. எல்லாம் முடிவான இடத்தில் வந்து அவன் வேறு என்ன சொல்ல முடியும்?

ஆறரைக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தோம். வீடியோ காலில் ஊர்வலம் ஓடியது. கொட்டுச் சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்த பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் போனை என் பக்கமும் திருப்பிக் காட்டினான். "இதுதான்ணே எங்க தெரு." கோபமாக இருந்தால் காட்டியிருப்பானா? இல்லை, அதற்காகவே காட்டினானா?

மறுநாள் வேலைக்கு வந்தான். இரண்டாவது கோட் அடித்தான். அப்புறம் ஒரு வருடம் என்னிடமே இருந்தான். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. பொங்கலுக்கு இன்னமும் வாழ்த்து அனுப்புகிறான்.

போன் பெட்டி இப்போதும் வைத்திருக்கிறேன். அடித்தால் எடுப்பதில்லை, பெயரை மட்டும் பார்த்துக்கொள்வேன். போன மாதம் ஒருவனுடையது ‘அம்மா’ என்று நாலு தடவை அடித்தது. அவனை இறக்கிக் கூப்பிட்டேன். அரை மணி நேர வேலை போயிற்று. ரேஷன் கார்டு நம்பர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.