வெவ்வேறு நாட்டு சிங்கிள் மால்ட்களை அருகருகே வைத்துப் பார்த்தேன்: இதுவரை தெரிந்தவை

இதுவரை மேசைக்கு வந்த சிங்கிள் மால்ட் விஸ்கிகள் ஆறு (பெயரோடு வரும் எண், பீப்பாயில் குறைந்தது எத்தனை ஆண்டு ஊறியது என்பது): ஸ்காட்லாந்திலிருந்து க்ளென்லிவெட் 12, ஆர்ட்பெக் 10, வட அயர்லாந்தின் புஷ்மில்ஸ் 10, ஜப்பானின் யமசாகி 12, தைவானின் கவாலான் கிளாசிக், அப்புறம் நான் வசிக்கும் பெங்களூரிலேயே தயாராகும் அம்ருத் ஃப்யூஷன். எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே: முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட். ஒவ்வொன்றையும் அதற்குரிய ஒரே வடிசாலையில் வடித்து மரப்பீப்பாயில் ஊற வைக்கிறார்கள், சிங்கிள் மால்ட் என்பது அதைத்தான். அப்படியிருந்தும் சுவை இவ்வளவு மாறுகிறதே, அதில் நாட்டுக்கு எவ்வளவு பங்கு? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த முயற்சி.

முதலில் ஆல்கஹால் அளவைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. க்ளென்லிவெட், புஷ்மில்ஸ், கவாலான் மூன்றும் 40 சதவீதம். யமசாகி 43, ஆர்ட்பெக் 46, ஃப்யூஷன் 50. அப்படியே குடித்தால் காட்டமானதுதான் நாக்கில் நிற்கும். அதனால் எல்லாவற்றையும் 40க்குக் கொண்டுவந்தேன். கணக்கு எளிது: கிளாஸில் உள்ள அளவை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி 40ஆல் வகுத்தால், மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துவிடும். 15 மி.லி. ஃப்யூஷன் 18.75 மி.லி. ஆக வேண்டும், அதாவது 3.75 மி.லி. தண்ணீர். ஆர்ட்பெக்குக்கு 2.25 மி.லி. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் இதற்குப் போதும். ஒரு மாலைக்கு மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 15 மி.லி., அதற்கு மேல் இல்லை. அதைத் தாண்டினால் மூக்கு வேலை செய்யாது. கிளாஸ் மட்டும் நல்லதாக இருக்கட்டும். வாய் குறுகி வயிறு அகன்ற க்ளென்கேர்ன் கிளாஸில் வரும் வாசனையில் பாதிகூட சாதாரண டம்ளரில் வருவதில்லை.

புஷ்மில்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று முறை வடிப்பதால் மெல்லியது, இனிப்பானது, சீக்கிரம் மறைந்துவிடுவது. பக்கத்தில் வைத்த க்ளென்லிவெட்டில் பச்சை ஆப்பிள், தேன். இரண்டும் சுகமாக இறங்கும். யமசாகி இவற்றோடு சேர்ந்த குடும்பம்தான், ஆனால் இன்னும் நுணுக்கமாகப் பின்னியது. ஒரே வடிசாலைக்குள் பல வடிவக் கொதிகலன்களை வைத்துப் பலவகைச் சரக்கு வடித்துக் கலப்பது அவர்கள் வழக்கம். ஜப்பானிய விஸ்கியின் முன்னோடியான மசதாகா தகேட்சுரு 1918இல் ஸ்காட்லாந்துக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பியவர். 1923இல் தொடங்கிய யமசாகியின் ஆரம்பப் பணிகளில் அவரும் இருந்தார். அந்த உறவு கிளாஸில் தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

இனி வெயில் ஊர் விஸ்கிகள். எனக்கு இந்த முயற்சியின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

பீப்பாயில் ஊறும்போது மரத்தின் வழியாக விஸ்கி ஆவியாகிக்கொண்டே இருக்கும். தேவதைகளின் பங்கு என்று வடிசாலைக்காரர்கள் அதைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் போகும். பெங்களூரில் 10 சதவீதமோ அதற்கு மேலோ போகும். இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 200 லிட்டர் பீப்பாயில் 2 சதவீதம் வீதம் போனால், 12 ஆண்டு கழித்தும் 157 லிட்டர் மிஞ்சும். 10 சதவீதம் வீதம் போனால் 56 லிட்டர்தான். பெங்களூரில் நாலே ஆண்டில் அது 131 லிட்டராகிவிடும், ஸ்காட்லாந்தின் 12 ஆண்டு இழப்பைவிட அதிகம். 2013இல் அம்ருத் வெளியிட்ட ஓர் எட்டு ஆண்டு விஸ்கிக்கு க்ரீடி ஏஞ்சல்ஸ் (பேராசைத் தேவதைகள்) என்று பெயர் வைத்ததன் காரணம் இந்தக் கணக்கைப் போட்டதும் புரிந்தது.

இழப்பு ஒரு பக்கம். அதே வெப்பத்தில் மரத்தின் சாரமும் விஸ்கிக்குள் வேகமாக இறங்குகிறது. ஃப்யூஷனை முகர்ந்தால் வெனிலா, ஆரஞ்சுத் தோல், கருப்பட்டி, அடியில் லேசான புகை. இந்தியப் பார்லியோடு ஸ்காட்லாந்திலிருந்து வரும், பீட் (சதுப்பில் மக்கிய செடிகொடி) எரித்துப் புகையூட்டிய பார்லியும் இதில் சேர்கிறது. பாட்டிலில் வயது போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் அந்த எண்ணை க்ளென்லிவெட்டின் 12 பக்கத்தில் வைப்பதில் நியாயமில்லை.

கவாலானும் இப்படித்தான். தைவானின் யிலான் பகுதியில் 2006இல் வடிக்கத் தொடங்கியவர்கள், 2008 இறுதியில் முதல் விஸ்கியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் கிடக்காத எதையும் விஸ்கி என்று விற்கவே சட்டம் விடாது. அந்த இளம் வடிசாலையின் வின்யோ பாரிக், 2015இல் வேர்ல்டு விஸ்கீஸ் அவார்ட்ஸில் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் விருதை வாங்கியது. ஒயின் பீப்பாயின் உட்புறத்தைச் சுரண்டி, வாட்டி, மறுபடி கருக்கி எடுக்கும் முறை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஜிம் ஸ்வான் என்ற ஸ்காட்லாந்து நிபுணர் வளர்த்தெடுத்த முறை அது.

கிளாஸின் அடியில் எண் ஒட்டி, எது எதுவென்று தெரியாமல் குடித்துப் பார்க்கும் சுற்றுக்கு என் மனைவியின் தம்பியும் வந்தான். ஊற்றியது மனைவி. க்ளென்லிவெட், கவாலான், ஃப்யூஷன் மூன்றும் வரிசையில்.

"மாமா, ரெண்டாவதுல மாம்பழ வாசனை தூக்குது. இதுதானே நம்ம ஊரு அம்ருத்?"

அது கவாலான். ஆனால் அவன் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. க்ளென்லிவெட்டை இருவருமே உடனே தனியாகப் பிரித்துவிட்டோம். பெங்களூரையும் யிலானையும் பிரிக்கத்தான் நேரமானது. கடைசியில் ஃப்யூஷனின் புகைதான் காட்டிக்கொடுத்தது. நாட்டின் பெயரைவிட, பீப்பாய் கிடந்த கிடங்கின் வெப்பம்தான் நாக்குக்கு முதலில் எட்டுகிறது என்பது என் இப்போதைய முடிவு.

இந்த முடிவுக்குள் அடங்காத ஒன்று ஆர்ட்பெக். ஐலா தீவின் சதுப்பில் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கிக் கிடக்கும் பாசியையும் செடிகொடியையும் வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் பீட் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். டிங்சர், தார், கடல் உப்பு, அதற்குள் எலுமிச்சை. இங்கே மண் நிஜமாகவே பேசுகிறது. எப்போதும் இதைக் கடைசியில் வையுங்கள், இதற்குப் பின் வேறெதுவும் தெரியாது. தண்ணீர் சேர்த்ததும் புகை இன்னும் மேலே வந்ததைக் கவனித்தேன். புகைச் சுவைக்குக் காரணமான குவாயகோல் மூலக்கூறுகள், ஆல்கஹாலின் அளவு குறையும்போது மேற்பரப்புக்கு நகர்கின்றன என்று 2017இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இருவர் கணினி மாதிரியில் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த சுற்றில் பீப்பாய் வேறுபாட்டையும் நீக்கிப் பார்க்கப் போகிறேன். பார்பன் என்ற அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த பீப்பாயில் மட்டும் ஊறிய, புகையில்லாத மூன்று: கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ், ஸ்காட்லாந்தின் க்ளென்மொரான்ஜி ஒரிஜினல், கவாலானின் பார்பன் ஓக். பால் ஜான் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. மற்ற இரண்டும் வந்தவுடன் தொடங்கிவிடுவேன்.