மனு சாரின் நகல் நோட்டு

வியாழக்கிழமை சாயங்காலம் விளையாட்டு மணி அடித்ததும் போர்டிங் பையன்கள் எல்லாரும் கடற்கரைப் பக்கம் ஓடிவிடுவார்கள். என்னையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் எங்கள் தமிழ் சார் பள்ளி வராந்தாவிலேயே இருத்திக்கொள்வார். எங்கள் மூவருக்கும் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். வராந்தாப் படிகளில் ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். நடவு வேலை முடித்துச் சேறு காயாத காலோடு வந்தவர்கள், மீனவர் குப்பத்துப் பெண்கள், கண் தெரியாத கணவனைக் கைப்பிடித்து அழைத்துவந்த கிழவி ஒருத்தி. சார் ஒவ்வொருவரிடமும் கதை முழுக்கக் கேட்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எழுது தம்பி, அனுப்புநர்..." என்று ஆரம்பிப்பார்.

அவருக்கு மனு சார் என்று பெயர் வந்தது இப்படித்தான். பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடமும் வாசித்தார். ஆனாலும் தரங்கம்பாடிக்கும் பொறையாறுக்கும் சுற்றியிருந்த ஊர்க்காரர்களுக்கு அவர் மனு சார்தான். 1982 முதல் 1985 வரை நான் போர்டிங்கில் இருந்த மூன்று வருஷமும் வியாழக்கிழமை வராந்தா காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. எழுதிய ஒவ்வொரு மனுவையும் நீள நோட்டு ஒன்றில் மறுபடி நகல் எடுக்க வேண்டும். தேதி, ஊர், யார் பெயருக்கு, யாரிடம் போனது, என்ன பதில் வந்தது எல்லாம் அதில் இருக்கும். பதில் வராத மனுக்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பார்.

பெரும்பாலான மனுக்கள் குடியிருப்பு மனைக்கானவை. டெல்டாப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். மிராசுதார் நிலத்தின் ஓரத்தில் தாத்தா காலத்தில் போட்ட குடிசை. கூலி கூடக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்ற ஒரு வார்த்தை போதும், வாய் அடங்கிவிடும். அப்படிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று 1971இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் பட்டா தானாக வீட்டுக்கு வந்துவிடுமா? 1980இல் பரம்பரையாகக் கிராமக் கணக்குப் பார்த்த கர்ணம் பதவியை எடுத்துவிட்டு வி.ஏ.ஓ.க்களைப் போட்ட பிறகும், கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று ஏழைக்குத் தெரிய வழியில்லை. மனு போட வேண்டும், மறுபடி போட வேண்டும், போட்டதற்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எதற்குச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். விளையாட்டு போகிறதே என்ற வருத்தத்தில் கேட்ட கேள்விதான். சார் ஞானோபதேசத்தை, அதாவது சபையின் கேள்வி-பதில் பாடத்தைச் சொல்லச் சொன்னார். ஏழாம் கற்பனை, அதாவது ஏழாம் கட்டளை, "களவு செய்யாதிருப்பாயாக." இதன் அர்த்தம் என்ன? நாமெல்லாம் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். பிறன் பொருளை எடுக்காதே என்பதோடு, அந்தப் பாடத்தை எழுதிய ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் அங்கே நிறுத்தவில்லை. பிறனுடைய உடைமையும் பிழைப்பும் பெருகவும் காக்கப்படவும் உதவ வேண்டும் என்று சேர்த்திருக்கிறார். "பிறன் மனைக்குப் பட்டா வாங்கிக் கொடுக்காமல் இந்தக் கற்பனையை எப்படியடா கைக்கொள்வது?" என்றார் சார். அதுவரை அந்தப் பாடத்தை நான் ஒப்பித்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அந்த வருஷச் சீர்திருத்தத் திருநாளில், அக்டோபர் 31 அன்று, காலை ஜெபத்தில் அவர் பேசியதும் இதைத்தான். அந்தத் திருநாளுக்குக் காரணமான லுத்தரின் 95 வாக்கியங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1523இல் ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற சிற்றூரில் சபையார் வைத்த பொதுப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். அதற்கு நாலு பூட்டு. சாவி ஒன்று பிரபுக்களிடம், ஒன்று நகர சபையிடம், ஒன்று ஊர்க்காரர்களிடம், நாலாவது குடியானவர்களிடம். நாலு பேரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். அதிலிருந்த பணம் அநாதைகளுக்கும் முடியாதவர்களுக்கும் போனது, பள்ளிக்கூடமும் நடத்தியது. லுத்தரே முன்னுரை எழுதி அந்த ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். குடியானவன் கையில் ஒரு சாவி என்று சொல்லும்போது சார் தன் கையை உயர்த்திக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

டேனிஷ் கோட்டைக்கு அவர் எங்களைக் கூட்டிப்போன நாளையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரை இறங்கினார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், 36 வயதில் இறந்து புது எருசலேம் ஆலயத்தில் அடக்கமானார். இவ்வளவும் நமக்குப் பரீட்சைக்கு வந்தது. அந்தக் கோட்டையில் நாலு மாதம் கைதியாக இருந்தார் என்பதும் தெரியும். ஏன் இருந்தார் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. சார் சொன்னார்.

முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவருடைய கடன் சம்பந்தமாக, டேனிஷ் வணிகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் அந்த விதவைக்கும் வழக்கு. நியாயம் தனக்குக் கிடைக்கவில்லை என்று அவள் சீகன்பால்கிடம் வந்தாள். வழக்கில் தலையிட வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பத் திரும்பத் தலையிட்டார். டேனிஷ்காரர்களின் கோவிலிலேயே போய் கவர்னர் ஹாசியுஸ் முன்னால் மண்டியிட்டு முறையிடு என்று அவளுக்கு யோசனையும் சொன்னார். கவர்னருக்குக் கோபம். கூப்பிட்டனுப்பினார். "எழுத்தில் ஆணை கொடுங்கள், வருகிறேன்" என்று சீகன்பால்க் சொல்லியனுப்ப, சிப்பாய்கள் வந்து பிடித்துப்போனார்கள். 1708 கடைசியில் நடந்தது இது. உள்ளே போனவருக்கு முதலில் பேனாவும் தாளும்கூடத் தரவில்லையாம். அதைச் சொல்லும்போது சாரின் குரல் மாறியது. "எழுதுகிறவனிடமிருந்து எதைப் பிடுங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது பார்" என்றார்.

முதல் திருமுழுக்குப் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சபையை அவர் தூக்கிவைத்து மட்டும் பேசவில்லை. கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் ஆலயத்துக்குள் கூட்டிப்போய், சாதி வாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார்ந்த காலத்தைச் சொன்னார். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டதும், அதற்கு உடன்படாதவர்களில் பலர் பின்னால் லுத்தரன் பக்கம் வந்தார்கள், ஜெர்மன் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷனும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. "ஒரு விதவைக்காகச் சிறைக்குப் போனவருடைய சபை இது. இதே சபைதான் இதையும் செய்தது. இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்" என்றார். என் பக்கம் பார்த்துச் சொன்னதாகத் தோன்றியது. எந்தத் தெருப் பையன்களோடு ஒரே தட்டில் கைவைக்க மாட்டேன் என்று போர்டிங்கில் சேர்ந்த புதிதில் நான் அடம்பிடித்தது அவருக்குத் தெரியும். 2009இல் பாங்காக்கில் உலக லுத்தரன் சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மாமன்றமும் சேர்ந்து தலித்துகளின் நீதிக்காக மாநாடு கூட்டிய செய்தியைப் படித்தபோது அந்தப் பார்வைதான் முதலில் நினைவுக்கு வந்தது.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பதினோராம் வகுப்பு, தை மாதம். புருஷன் இறந்து மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்த ஓர் அம்மாவுக்கு மனைப் பட்டா மனு. அவசரத்தில் சர்வே எண்ணை 147 என்பதற்கு 174 என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய், எண் தப்பு என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வராந்தாவுக்கு வந்தார். திட்டவில்லை. "தம்பி, இன்னொரு தரம் பாத்து எழுதிக் குடு சாமி" என்றார். சாரும் திட்டவில்லை. மறுநாள் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்து, அந்த அம்மாவோடு நீயே போ என்றார்.

பெஞ்சு காலியாக இருந்தும் அந்த அம்மா உட்காரவில்லை. நானும் நின்றேன். மத்தியானம் மூன்று மணிக்கு, மனுவை வாங்க முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அப்படியே எழுதிக் கொடுங்க சார், எங்க வாத்தியார் கேப்பாரு" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மனுவை வாங்கி முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதை அந்த அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் வழி நெடுகக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பள்ளியை விட்டு வருவதற்குள் பட்டாவும் வந்தது. வராந்தாவுக்குக் கொண்டுவந்து என்னையே படிக்கச் சொன்னார். சர்வே எண்ணை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

சாரைக் கடைசியாகப் பார்த்தது 2005 ஜனவரியில். சுனாமிக்குப் பிறகு ஊருக்கு ஓடினேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. அதே வராந்தாவில், கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேஷன் கார்டும் பட்டாவும் கடலோடு போன குப்பத்துச் சனம் படிகளில் இருந்தது. என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் எழுதினேன். அடுத்த வருஷம் இறந்துவிட்டார்.

இங்கே கனடாவில் எங்கள் சபை 2016இல் ஒரு சிரியக் குடும்பத்தைப் பொறுப்பேற்றது. போருக்குப் பின் 1946இல் தொடங்கிய கனடிய லுத்தரன் உலக நிவாரணச் சங்கத்தின் வழியாகத்தான் விண்ணப்பம் போனது. ஒரு வருஷத்துக்கு வீடு, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் சபையின் பொறுப்பு. படிவம் நிரப்ப யார் என்று கேட்டபோது கையைத் தூக்கினேன். பிறந்த தேதி, அகதிப் பதிவு எண் எல்லாவற்றையும் விரலை வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். நகலும் எடுத்தேன், நீள நோட்டில்.

சாரின் நகல் நோட்டுகள் என்ன ஆயின என்று பல பேரிடம் விசாரித்துவிட்டேன். என் காலத்திலேயே பதினொன்று இருந்தன, பச்சை பைண்டு, முதுகில் வருஷம் ஒட்டியிருக்கும். சுனாமித் தண்ணீரில் போயிருக்கலாம், பழைய ஆசிரியர் யாராவது எடுத்து வைத்திருக்கவும் கூடும். இந்த மலரைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் நம் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். வந்து எடுத்துப்போகிறேன். சிவப்புப் புள்ளி வைத்த மனுக்கள் அதில் நிறைய உண்டு.